சங்கொலிக்குப் பின் 15 நிமிடங்கள்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் பிற்பகல், அல்சூர் ஏரிக்கரையில் குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகை நடைபெற்றது. நாடெங்கும் அன்று நடத்தப்பெற்ற ஒத்திகையில் நம் நகரத்தின் பங்கு அது. சங்கு ஊதிற்று, காயமுற்றோராக நடித்தவர்களைத் தூக்கிச் சென்றனர். ஜோகுபாளையத்தில் நம் வீட்டு மாடியில் நின்றிருந்த அண்டை வீட்டுப் பாட்டியார், "நிஜமாகவே குண்டு விழுந்துவிட்டதா, தம்பி?" என்று வினவினார். ஒத்திகைதான் என்றோம். "ஒத்திகை என்றால் கூத்துதானே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். நாம் இரயில்வேயில் கணக்கெழுதும் சிப்பந்தி, வைத்தியம் கற்றோமல்லோம். ஆயினும், கூத்தென்று தோன்றுவது எவ்வாறு உயிர் காக்கின்றது என்பதை அருகிருந்து கண்டவர் என்ற முறையில் சில செய்திகளைச் சங்கத்து அன்பர்களுக்குக் கூற விழைகின்றோம்.

பெரிய இரயில் நிலையங்களில், எவரும் ஏறாத வண்டியொன்று தனித் தண்டவாளத்தில் நிற்பதை நம்மவர் பலர் கண்டிருக்கலாம். அதுவே விபத்து நிவாரண மருத்துவ வண்டி. அறுவைச் சிகிச்சைக்கான மேசை, கட்டில்கள், மருந்துப் பெட்டிகள் யாவும் அதனுள் ஆயத்தமாக இருக்கும். சங்கு ஊதப்பெறும் எண்ணிக்கையைக் கொண்டே, விபத்து அருகிலா, தொலைவிலா, மருத்துவ வண்டி வேண்டுமா என்பதைச் சிப்பந்திகள் அறிந்துகொள்வர். வண்டி நிற்கும் தண்டவாளத்திற்கு இருபுறமும் வழியிருப்பின் 15 நிமிடங்களுக்குள்ளும், ஒருபுறமே வழியிருப்பின் 20 நிமிடங்களுக்குள்ளும் அது புறப்பட்டாக வேண்டும் என்பது விதி. அதன் சாவி ஒன்று வைத்தியரிடம் இருக்கும். மற்றொன்று நிலைய அதிகாரியின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். சாவியைத் தேடி ஓடுவதில் ஓர் உயிர் போய்விடக் கூடாதல்லவா? ஒத்திகையின்போதும் இது ஒத்திகை என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. உணவுப் பொட்டலத்தைப் பிரித்தது பிரித்தபடியே விட்டு ஓடியவர்களை நாம் கண்டிருக்கின்றோம். முன்னறிவித்து நடத்தும் ஒத்திகையைப் பாட்டியார் கூத்தென்றால் நாம் மறுக்க மாட்டோம். சொல்லாமல் நடத்துவதே பரீட்சை.

விபத்துத் தலத்தை அடைந்தபின் நடப்பதுதான் பொதுமக்களுக்கு விளங்காதது. முதலில் இறங்கும் வைத்தியர் எவருக்கும் கட்டுப் போட உட்காருவதில்லை. முதலில் தரம் பிரிக்கின்றார். எழுந்து நடக்கக் கூடியவர்களை ஒருபுறம் வரச் சொல்வார். அவர்களுக்குப் பச்சைச் சீட்டு. ஏனையோரின் மூச்சை எண்ணுவார். நிமிடத்திற்கு 30-க்கு மேற்பட்டால் சிவப்பு. நகத்தை அழுத்தி விடுவார். 2 விநாடிக்குள் இரத்தம் திரும்பாவிடினும் சிவப்பு. சொன்னதைப் புரிந்து செய்ய இயலாதவருக்கும் சிவப்பே. சற்றுக் காத்திருக்கக் கூடியவர்களுக்கு மஞ்சள். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பின்னும் மூச்சு வாராதவருக்குக் கறுப்பு. அவரைக் கடந்து செல்ல வேண்டும். இம்முறை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1983-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்றது. உரக்க அலறுபவனுக்கு மூச்சு இருக்கின்றது. ஓசையின்றிக் கிடப்பவனையே முதலில் பார்க்க வேண்டும். பெற்ற தாய் கையைப் பிடித்து இழுக்கும்போது கறுப்புச் சீட்டைக் கட்டிவிட்டு அப்பால் நடக்கும் மனவுறுதி, புத்தகத்தைப் படித்து வருவதன்று. ஒத்திகை அதற்காகவே.

பயங்கரவாதத் தாக்குதலாயின் மற்றோர் இடர் சேருகின்றது. உதவிக்கு வருபவர்களைக் கொல்வதற்கென்றே இரண்டாவது குண்டு வைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே, காவலர் இடத்தைச் சோதித்து அனுமதிக்கும் வரை ஆம்புலன்ஸ் எட்டி நிற்கும். "பார்த்துக்கொண்டு நிற்கின்றார்களே" என்று ஜனங்கள் ஏசுவதுண்டு, ஏசலாகாது. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் மும்பை சத்ரபதி சிவாஜி இரயில் நிலையத்தில் சுட்டவர்கள், அடுத்து நுழைந்தது காமா மருத்துவமனைக்குள். அங்குச் செவிலியர் விளக்கை அணைத்து, கதவைத் தாழிட்டுத் தாய்மாரைக் காத்தனர். இரயில் நிலையத்திலோ, அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே ஒலிபெருக்கியில் விடாது பேசிப் பிரயாணிகளை வேறு வழியே வெளியேற்றினார். அவர் நம்மைப் போன்ற சிப்பந்தியே.

2014-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் சென்னை சென்ட்ரலில் குண்டு வெடித்தது நம் பெங்களூரிலிருந்து சென்ற குவாஹாட்டி வண்டியில். ஓர் இளம்பெண் இறந்தார், பலர் காயமுற்றனர். அரசுப் பொது மருத்துவமனை எதிரிலேயே இருந்தது அவர்கள் நல்வினை. 2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பஹனாகாவில் கோரமண்டல் விரைவு வண்டியும், நம் பையப்பனஹள்ளி நிலையத்திலிருந்து சென்ற ஹௌரா வண்டியும் சிக்கியபோது அத்தகைய வாய்ப்பில்லை. முதலில் ஓடி வந்தவர்கள் கிராமத்து மக்களே. பாலேஸ்வரத்தில் இளைஞர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தனர். 290 பேருக்கு மேல் மாண்டனர்.

அன்றிரவு விசாரணை மேசையில் அமரும் பணி நமக்கு வாய்த்தது. முன்பதிவு செய்தவரின் பெயரைப் பட்டியலில் தேடிச் சொல்ல முடிந்தது. "ஜெனரல் பெட்டியில் ஏறினான்" என்றவரிடம் சொல்ல நம் கையில் காகிதமே இல்லை. உரிமை கோரி எவரும் வாராத 28 உடல்களை அவ்வாண்டு அக்டோபரில் புவனேசுவர மாநகராட்சியே எரியூட்டியது. ஊருக்கும் நகருக்குமாக அலையும் நம் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மவரில் பெரும்பாலோர் ஏறுவது அந்தப் பெட்டியில்தான்.

நகரத்தினுள்ளும் ஆபத்து வரும். 2025-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் சின்னசாமி விளையாட்டரங்கின் வாயிலில் நெரிசலில் 11 பேர் மாண்டனர். பௌரிங் மருத்துவமனை தொலைவில்லை. ஆனால் கூட்டத்தினூடே வழி கிடைப்பது அரிதாயிற்று. நம் ஜோகுபாளையத்துச் சந்துகளில் இருபுறமும் ஸ்கூட்டர்களை நிறுத்திவிட்டு, 108-க்குச் சொல்லியும் வண்டி வரவில்லையே என்று நொந்து பயனென்ன? சிறுகாயம் பட்டவர்கள் எல்லோரும் அருகிலுள்ள மருத்துவமனைக்கே ஓடி அதை நிரப்பிவிடுவதும் தவறு. சிவப்புச் சீட்டுக்காரர் பின்னால் வந்துகொண்டிருப்பார்.

சென்ற மாதம் பாட்டியார் ஜோலார்பேட்டைக்குப் புறப்பட்டார், ஜெனரல் பெட்டிதான். அவருடைய பெயர், விலாசம், மகனின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். "இதுவும் ஒத்திகையா?" என்று சிரித்து, வெற்றிலைப் பையில் செருகிக்கொண்டார். இரத்த வகை என்ன என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. அவ்விடத்தை அட்டையில் காலியாகவே விட்டிருக்கின்றோம்.