மூலமா, அச்சா?

பாட்டி வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பாகவதர் வாயை அகலத் திறந்து பாடுகிறார். கீழே ‘மாலி’ என்ற கையொப்பம். அஃது ஓவியர் தம் கையால் வரைந்ததா, ஏட்டிலிருந்து வெட்டியெடுத்ததா?

1930ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடன் இதழில், அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் முதலான இசைவாணர்களை மாலி அவர்கள் கேலிச்சித்திரமாகத் தீட்டினார். நான்கே கோடுகளில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடும் கை அது! ஒரு படத்துக்கு அவர் வரைந்த மூலம் ஒன்றே. அதைப் ‘பிளாக்’ செய்து அச்சிட்ட படிகளோ பல்லாயிரம்.

மாணவர்களே, கையொப்பத்தை மட்டும் நம்பாதீர்கள். படத்தோடு அதுவும் அச்சாகும். பூதக்கண்ணாடியால் கோட்டைப் பாருங்கள். கையால் இழுத்த கோட்டில் மை ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் காணப்படும். அடியில் பென்சில் தடமும், பிழையை மறைத்த வெள்ளை வண்ணமும் தென்படலாம். அச்சில் மை பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். சாம்பல் நிறம் சிறு புள்ளிகளாகப் பிரியும். தாளின் பின்புறம் வேறு செய்தி அச்சாகியிருந்தால் ஐயமே வேண்டா, அஃது ஏட்டுப் பக்கந்தான்.

ஆனால், பின்புறம் காணச் சட்டத்தை நீங்களே கழற்றாதீர்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் பழைய தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கிழியும். மை கரைகிறதா என்று ஈர விரலால் தேய்ப்பது அதனினும் பெருந்தவறு.

பெற்றோர்களே, பழம்பொருள் வாங்க வருபவரிடம் கொடுத்துவிடுமுன் பாட்டியைக் கேளுங்கள். யார் தந்தது? எந்த ஆண்டு? எந்த ஊரில்? அவர் சொல்வதை எழுதித் தேதியிட்டுப் படத்தோடு வையுங்கள். விலை மதிப்பவர் அதையும் கேட்பார்.