வாட்ச்மேன் போதாதா, சார்?

திருவொற்றியூர் டீக்கடை. எதிரே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல அணிவகுத்து நிற்கின்றன.

"சார், பையன் பி.ஹெச்டி. பண்றேங்கறான். கம்ப்யூட்டர் செக்யூரிட்டியாம். அதுக்கு ஒரு வாட்ச்மேன் போட்டா போதாதா?"

கேட்டவர் துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்த பெரியவர். ரிடயர் ஆக இன்னும் இரண்டே வருஷம். பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள். பையனுக்குக் கையில் சாஃப்ட்வேர் வேலை. கவலைப்பட மாட்டாரா?

நான் வெறும் பி.காம். ஆனாலும் அவருக்குப் புரிகிற கதை ஒன்று கைவசம் இருந்தது.

2017 ஜூன் 27. உக்ரைனில் வரிக் கணக்கு போடும் ஒரு சாஃப்ட்வேர் வழியாக 'நாட்பெட்யா' வைரஸ் கிளம்பியது. (கணக்குப் பிள்ளைகளால் உலகம் கெட்டது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்!) உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மேர்ஸ்க் படுத்துவிட்டது. பம்பாய் பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு டெர்மினலும் சேர்ந்து படுத்தது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் பத்தே நாளில் புதிதாக ஏற்றினார்கள். நஷ்டம் சுமார் 30 கோடி டாலர்!

"கேட்ல வாட்ச்மேன் இல்லையா?"

"இருந்தான். திருடன் ஒயர் வழியா வந்துட்டான்."

பெரியவர் டீயை மறந்துவிட்டார். 2019-ல் நம்ம கூடங்குளத்து நிர்வாக நெட்வொர்க் கம்ப்யூட்டர் ஒன்றிலேயே வைரஸ் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது; அணு உலைக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அதையும் சொன்னேன்.

இந்தப் படிப்பில் என்ன செய்வார்கள்? திருடன் மாதிரி யோசிப்பார்கள். ஒரு சிப் ரகசியக் கணக்குப் போடும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை அளந்தே அதன் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1999-ல் பால் கோச்சர் குழு காட்டியது. இரும்புப் பெட்டியில் காது வைத்துக் கேட்கிற பழைய திருடனின் தம்பிதான் இது! ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைத்து, அடுத்தவனுக்கும் சொல்லிக் கொடுப்பதுதான் வாத்தியார் வேலை.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் வி. காமகோடியைப் பாருங்கள். அங்கேயே பி.ஹெச்டி., 2001-ல் அங்கேயே வாத்தியார், 2022-ல் டைரக்டர். அடியில் இருக்கும் சிப்பையே நம்ப முடியாவிட்டால் மேலே எத்தனை பூட்டு போட்டு என்ன பயன்? அவர் தலைமையில் உருவான 'சக்தி' பிராசஸர் 2018-ல் சிப்பாகவே வந்தது.

"சரி சார், சம்பளம்?"

விஷயத்துக்கு வந்தார்! ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000 ரூபாய். படிப்பு ஐந்து வருஷம் ஓடும். அதற்குள் கூடப் படித்தவன் கார் வாங்கி, ஃபிளாட்டுக்கு ஈ.எம்.ஐ.யும் கட்ட ஆரம்பித்திருப்பான். எழுதிய கட்டுரையை கஸ்டம்ஸ்காரன் 'குவெரி' போடுகிற மாதிரி திருப்பி அனுப்புவார்கள். தாங்கி நின்றால், ஐ.ஐ.டி. உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது சம்பளக் கமிஷன்படி அடிப்படையே 1,01,500-ல் ஆரம்பம்.

(வேலையை விட முடியாத ஆபீஸ் நண்பர்களே, என்.பி.டெல். பாடங்கள் இலவசம். பரீட்சைக்கு மட்டும்தான் காசு.)

பெரியவர் லாரி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துறைமுகம் நின்னா முதல்ல பட்டினி கிடக்கறவன் லாரி டிரைவர்தான் சார். அதைத் தடுக்கற படிப்புன்னா படிக்கட்டும். கல்யாணத்தை நான் பார்த்துக்கறேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"காலைல பேங்க்லேர்ந்து ஒருத்தன் போன்ல ஓ.டி.பி. கேட்டான். சொல்லிட்டேன். தப்பா சார்?"

டீயைக் கீழே வைத்துவிட்டு, அவர் செல்லைப் பிடுங்கி 1930-க்கு போன் போட்டேன்!