துரியோதனன் நடத்திய நிர்வாகம்

ரிஷிவந்தியம், திருக்கோவிலூர் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் படுகளம் இல்லாமல் முடியாது. திடலில் மண்ணால் செய்த துரியோதனன் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு நீளத்தில் படுத்துக் கிடப்பான். பீமன் வேடக்காரர் தொடையில் அடிப்பார், அம்மன் கூந்தல் முடிவாள், மாலையில் தீமிதி. இத்தனை பெரிய உருவம் பஞ்சபாண்டவர் யாருக்கும் கிடையாது. ஊரே கூடிச் செய்வது வில்லனுக்குத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. கெட்டவன் எல்லாவற்றிலும் கெட்டவனாக இருந்தால் அவன் கதையில் கற்க ஒன்றும் இராது. துரியோதனன் அப்படிப்பட்டவன் இல்லை.

ஆளைத் தேடிய கண்

திறமை உள்ள ஆளைக் கண்டுபிடிப்பது அவனுடைய நல்ல குணம். காமிக்ஸ் வில்லன்களிடமும் இதைப் பார்க்கலாம். 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் பிறந்து, 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தவன் ஸ்பைடர். குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆவதுதான் முதலில் அவன் ஆசை. அதற்காக அவன் முதலில் சேர்த்தது வெறும் அடியாட்களை அல்ல. பூட்டு உடைப்பதில் கைதேர்ந்த ஆர்டினியையும், கருவிகள் கண்டுபிடிக்கும் விஞ்ஞானி பெல்ஹாமையும். தன்னிடம் இல்லாத திறமை எவரிடம் இருக்கிறதோ அவரைத் தேடிப் பிடித்தான்.

துரியோதனன் அதற்கும் ஒரு படி மேலே போனான். அரங்கேற்ற மைதானத்தில் கர்ணனைப் பார்த்து, ‘உன் குலம் என்ன’ என்று கேட்கப்பட்டபோது ஆன்றோர் நிறைந்த சபையே வாய்மூடி நின்றது. துரியோதனன் மட்டும் அவன் கையில் இருந்த வில்லைப் பார்த்தான். அங்கேயே அங்க தேசத்து மன்னனாக முடிசூட்டினான். சாதியும் சிபாரிசும் பார்க்காமல் வேலை தெரிந்தவனுக்குப் பொறுப்பைக் கொடுத்த அந்த ஒரு முடிவு, இன்றைக்கும் நம் ஊர்த் தொழில்களில் அரிது. கர்ணன் கடைசி மூச்சுவரை விட்டுப் போகவில்லை.

உடைந்த வில்

இவ்வளவு தெரிந்தவன் ஏன் தோற்றான்? படை குறைவா? இல்லை. அவனிடம் 11 அக்குரோணி, பாண்டவரிடம் 7. விடை ‘கிருஷ்ணன் தூது’ கூத்தில் இருக்கிறது.

இந்தத் தூதைப் பாடிய வில்லிபுத்தூரார், பெண்ணையாறு பாயும் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அவருடைய பாரதத்தில், தூது வந்த கண்ணன், துரியோதனனின் சித்தப்பா விதுரன் வீட்டில் தங்குகிறான். அந்தக் கோபத்தில் துரியோதனன் சபையிலேயே விதுரனின் பிறப்பைச் சொல்லி இழித்துப் பேசுகிறான். விதுரன் தன் வில்லை முறித்துப் போட்டுவிடுகிறார். போர் தொடங்கும் முன்பே ஒரு பெரிய வில்லாளி போய்விட்டார்.

கர்ணனின் பிறப்பைப் பொருட்படுத்தாத அதே துரியோதனன்தான் விதுரனின் பிறப்பைக் குத்திக்காட்டினான். கர்ணன் ஆமாம் போட்டவன். விதுரன் வேண்டாம் என்று தடுத்தவர். தனக்குப் பிடித்ததைச் சொன்னவனிடம் திறமையைப் பார்த்தான், பிடிக்காததைச் சொன்னவரிடம் குலத்தைப் பார்த்தான். எத்தனையோ முதலாளிகள் சறுக்குவதும் இதே இடத்தில்தான்.

மற்ற சரிவெல்லாம் இதன் தொடர்ச்சி. பீஷ்மர் தலைமை தாங்கிய 10 நாளும் கர்ணன் களத்துக்கே வரவில்லை. இருவருக்கும் இருந்த பகை ஊரறிந்தது. துரியோதனன் அதைத் தீர்க்க முன்வரவில்லை. பிறகு கர்ணன் தளபதியானபோது, சல்லியனைத் தேரோட்டியாக அமர்த்தினான்; சல்லியனோ கர்ணனை மட்டம்தட்டிக்கொண்டே இருந்தான். 18 நாள் போரில் பீஷ்மர், துரோணர், கர்ணன், சல்லியன் என்று நான்கு தளபதிகள் அடுத்தடுத்து மாறினார்கள். தவறு தளபதிகளிடம் இல்லை. ‘ஐந்து ஊராவது கொடு’ என்று கேட்ட கண்ணனுக்கு ஊசிமுனை நிலமும் இல்லை என்று சொன்ன நாக்கில் இருந்தது.

கட்டியக்காரனுக்கு ஓர் இடம்

இந்தச் சறுக்கலுக்குத் தெருக்கூத்து ஒரு மருந்து வைத்திருக்கிறது. புஜக்கட்டையும் பெரிய கிரீடமுமாகத் துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டதும், ‘நீ யார், எங்கே வந்தாய்’ என்று கேட்பவன் கட்டியக்காரன். ராஜாவைக் கிண்டல் செய்வான், ஊர் நினைப்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்வான். அதற்காக அவனை யாரும் வெளியேற்றுவதில்லை. கூத்தில் அது அவன் வேலை.

அரிசி ஆலையோ, பால் சங்கமோ, ஜவுளிக் கடையோ, மகளிர் குழுவோ, எதை நடத்தினாலும் இப்படி ஓர் ஆள் வேண்டும். எடை போடுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் சரக்கு ஏற்றுகிறவருக்கும் தெரிந்த குறை, பெரும்பாலும் முதலாளிக்குத்தான் கடைசியில் தெரியவருகிறது. சொன்னால் வேலை போகும் என்ற பயம்தான் காரணம். மாதம் ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்து, ‘எங்கே தப்பாகப் போகிறது’ என்று கேளுங்கள். சொன்னவர் மேல் கோபம் வந்தாலும், மறுநாள் அவரை அதே மரியாதையோடு நடத்துங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் வாய் திறப்பார்.

நல்ல ஆளைக் கண்டுபிடிக்கத் துரியோதனனிடம் கற்றுக்கொள்ளலாம். கண்டுபிடித்த ஆள் ‘வேண்டாம் ஐயா’ என்று சொல்லும்போது நின்று கேட்பதை, அவன் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.