புகையில் உப்புப் பார்க்கும் பீங்கான்

பன்னிரண்டு ஆண்டு ஓடிய கார். டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு அணைய மறுக்கிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்று வருகிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாம் என்கிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்தபின், பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: பழுது பெட்ரோலிலா, சென்சாரிலா? பெரும்பாலும் இரண்டிலும் இல்லை.

அந்தக் கோட் எந்த உதிரிபாகத்தையும் சுட்டுவதில்லை. பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயும் காற்று மிஞ்சுகிறது என்று மட்டும் சொல்கிறது. அப்படிச் சொல்லும் சென்சாரையே கழற்றி எறிவது, பல நேரங்களில் உண்மை பேசிய சாட்சியைத் தண்டிப்பது.

இத்தனைக்கும் அது அபாரமான பொருள். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். விகிதம் சரியாக இருந்ததா என்பது எரிந்தபின் புகையில்தான் தெரியும். புகைக்குழாயில் விரல் நுனி அளவு சிர்கோனியா பீங்கான். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆக்சிஜன் அயனிகள் அந்தத் திடப்பொருளுக்குள்ளேயே நகரத் தொடங்குகின்றன. புகையில் ஆக்சிஜன் தீர்ந்திருந்தால் சுமார் 0.9 வோல்ட், மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட். அந்த மின்னழுத்தத்தைப் பீங்கானே உண்டாக்குகிறது!

இதன் கணக்கை வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் எழுதினார். பின்னாளில் சிர்கோனியாவை வைத்தே ஒரு விளக்கும் செய்தார். பாஷ் நிறுவனத்தின் சென்சார் வால்வோ காரில் ஏறியது 1976இல். வரலாறு இவ்வளவு போதும்.

கல்யாணச் சமையலில் உப்புப் பார்ப்பவர்தான் இந்தச் சென்சார். ‘குறைகிறது’ என்று அவர் சொல்லச் சொல்ல, சமையல்காரரான இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு சிட்டிகை பெட்ரோலைக் கூட்டுகிறது. வழக்கமாக எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறது என்பதை நோட்டில் எழுதியும் வைக்கிறது. இந்த நோட்டுக்கு ‘ஃபியூவல் டிரிம்’ என்று பெயர். ஸ்கேனரில் சதவீதமாகத் தெரியும்.

இப்போது யாரோ கொல்லைப்புறமாக வந்து ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். பத்துப் பேருக்கான பாத்திரத்தில் சாம்பார் சப்பென்று ஆகிவிடும். ஐந்நூறு பேருக்கான அண்டாவில் தெரியவே தெரியாது. வெடித்த ரப்பர் ஹோஸ் வழியாக நுழையும் கள்ளக் காற்றும் அப்படியே. ஐடிலில் இன்ஜின் உறிஞ்சும் காற்று கொஞ்சம், அதனால் டிரிம் எகிறும். 2,500 சுற்றுக்கு ரேஸ் கொடுத்தால் இறங்கும். மாறாக, உப்பு ஜாடியின் வாய் குறுகலாக இருந்தால் சின்னப் பாத்திரத்துக்குப் போதும், அண்டாவுக்கு எட்டாது. ஐடிலில் ஒழுங்காக இருந்து, மேடேறும்போது டிரிம் ஏறினால், சந்தேகிக்க வேண்டியவை ஃபியூவல் பம்பும் அடைத்த ஃபில்டரும்தான். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

உப்புப் பார்ப்பவரும் ஏமாறுவதுண்டு. ஒரு ஸ்பார்க் பிளக் பொறி விடாவிட்டால், எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியேறும். சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டுமே. காற்று அதிகம் என்றுதான் அது சொல்லும். இன்னொன்று: உறிஞ்சும் காற்றை எடைபோடாமல் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் கார்களில் கள்ளக் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே ஐடில் வேகம் கூடுவதுதான் முதல் அறிகுறி.

எத்தனாலுக்கு வருவோம். தன்னிடமே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும். 10 சதவீதக் கலவையிலிருந்து 20க்கு மாறினால் டிரிம் ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும். பல கார்களில் விளக்கு எரிவது டிரிம் 20, 25 சதவீதத்தை ஒட்டும்போதுதான். ஆக, எத்தனால் மட்டும் விளக்கை எரியவைக்காது; ஏற்கெனவே கசிவால் எல்லைக்குப் பக்கத்தில் நின்ற காரைத்தான் அந்த 4 சதவீதம் தள்ளிவிடுகிறது. பழைய ரப்பர் பாகங்களை எத்தனால் அரிக்குமா என்பது தனிக் கேள்வி. டேங்கில் ஊற்றச் சொல்லி விற்கும் ‘இன்ஜின் டானிக்’ புட்டிகள் வெடித்த ஹோஸை ஒட்டுவதில்லை.

கசிவைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி, இன்ஜினை அணைத்துவிட்டு, காற்று நுழையும் பாதையில் புகையைச் செலுத்துவது. ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எழும். ஹோஸை மாற்றியபின் விளக்கு அணைந்ததை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கேனரால் கோட் எண்ணை அழித்தாலே அது அணைந்துவிடும். சில நாள் ஓட்டிவிட்டு, ஐடிலிலும் 2,500 சுற்றிலும் டிரிம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.