தரவுத்தளமும் செயல்முறை மொழியும்

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாளன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் சில பகுதிகள் இணைந்து திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. அதுவரை சித்தூரைச் சார்ந்திருந்த காளஹஸ்தி புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. இத்தகைய மாறுதலின்போது அவ்வூர்க் குடிகளின் பதிவுகளில் மாவட்டக் குறியீட்டைத் திருத்த வேண்டும். ஒரு பதிவு விடுபட்டாலும், அதற்குரியவர் இரு மாவட்ட அலுவலகங்களுக்கும் அலைய நேரிடும். கணிப்பொறியில் பதிவுகளைக் காக்கும் தரவுத்தளத்தில் இப்பணியை எங்ஙனம் நிறைவேற்றுவது?

‘இன்ன பதிவை எடு, இன்னவாறு மாற்று’ என ஆணையிட எஸ்.க்யூ.எல். என்னும் வினவு மொழி போதும். ‘இந்நிலை இருப்பின் இதைச் செய், இன்றேல் அதைச் செய், முடியும்வரை தொடர்ந்து செய்’ என்று படிப்படியாகப் பணிப்பதற்கோ செயல்முறை மொழி வேண்டும். அதில் எழுதிய கட்டளைகளைத் தரவுத்தளத்திலேயே சேமித்து வைக்கலாம். திருத்தம் நடுவில் தடைப்பட்டால், செய்த மாறுதல்கள் யாவும் நீங்கிப் பதிவுகள் பழைய நிலையை எய்தும். பாதி திருத்தம், பாதி பிழை என்ற நிலை நேராது.

அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம். யாவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய இதனுடன் பி.எல்.பி.ஜி.எஸ்.க்யூ.எல்., டி.சி.எல்., பெர்ல், பைதான் ஆகிய நான்கு செயல்முறை மொழிகள் வழங்கப்படுகின்றன. இவற்றுள் எதனைத் தொடக்கத்திலேயே இயங்கச் செய்து வைப்பது?

திறமை மட்டும் இதற்கு அளவுகோலாகாது. ஆவண அறையில் எழுத அமர்த்தப்பட்டவரிடம் அலுவலகம் முழுவதன் சாவிக்கொத்தையும் எவரும் ஒப்படைப்பதில்லை. அதுபோலவே, தரவுத்தளத்திற்கு வெளியேயுள்ள கோப்புகளைத் தொட இயலாதவாறு கட்டுப்பட்ட மொழியையே ‘நம்பத்தக்க மொழி’ என்பர். பைதானை அவ்வாறு கட்டுப்படுத்த இயலாமையால், அதில் கட்டளைத் தொகுதிகளை ஆக்கும் உரிமை தலைமை நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. பெர்ல், டி.சி.எல். இரண்டும் கட்டுப்பட்ட வடிவிலும் கிடைக்கின்றன. ஆயினும் அவை இயங்க வேறு மென்பொருள் துணை வேண்டும்.

பி.எல்.பி.ஜி.எஸ்.க்யூ.எல். மொழிக்கோ அத்தகைய துணை தேவையில்லை. வினவு மொழியையும் அது ஒட்டியிருக்கிறது. 1998 முதலே வழங்கிவந்த போதிலும், ஒவ்வொரு தரவுத்தளத்திலும் அதனை நிர்வாகியே சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்க மறந்த இடத்தில், அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் இயங்கா. 2010-இல் வெளிவந்த 9.0 பதிப்பிலிருந்து அது தொடக்கத்திலேயே அமைந்துள்ளது.

எனினும், ‘நம்பத்தக்கது’ என்பதால் தீங்கே நேராது என்று கருதலாகாது. முடிவில்லாச் சுழற்சியாக எழுதப்பட்ட கட்டளை கணிப்பொறியின் ஆற்றலை வீணே விழுங்கக்கூடும். ஆகவே, வேண்டாதவிடத்து இம்மொழியை நீக்கிவிடும் உரிமையும் நிர்வாகிக்கு அளிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலோர்க்குப் பயன்படுவதும், எல்லை மீறாததும், வேண்டாதபோது விலக்கத்தக்கதும் எதுவோ, அதுவே முன்னதாக அமைத்து வைக்கத் தகுந்த மொழியாகும்.