தேத்தண்ணி ஏன் கறுத்தது?

குழாயில் தண்ணீர் நின்றுபோனால் எங்கள் பாட்டி பதற்றப்படுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. பத்து ஆராங்கிற்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் இடையிலுள்ள பழைய தோட்டம் அது. கிணற்று நீர் துணி துவைக்க மட்டும்தான் என்பார். விநியோகத் தடை இரண்டு நாளைத் தாண்டினால் அதே நீர் அடுப்பிலும் ஏறும். சென்ற விடுமுறையில் அப்படிப் போட்ட தேத்தண்ணி மை போலக் கறுத்தது.

"நிலக்கரித் தண்ணிதானே, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா. பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை மலாயன் கோலியரீஸ் நிறுவனம் நிலக்கரி எடுத்தது. சுரங்கப் பாதைகளோடு திறந்தவெளிக் குழிகளும் இருந்தன. 1937ஆம் ஆண்டு அங்கு நடந்த வேலைநிறுத்தம் பற்றி வரலாற்று நூல்களில் படிக்கலாம். குழிகளில் ஊறிய நீரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

திறந்தவெளிச் சுரங்கம் இயங்கும்வரை நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இன்றும் அப்படித்தான் இறைக்கிறார்கள். சுரங்கத்தை மூடி பம்புகளை நிறுத்தினால் நீர் மீண்டும் ஏறிவரும். பத்து ஆராங் குழிகள் குளங்களானது இப்படித்தான். நிலக்கரியோடு கலந்திருக்கும் பைரைட் என்ற கனிமம் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலத்தையும் இரும்பையும் வெளிவிடும். தேயிலையில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும்.

அப்படியானால் மாமா சொன்னது சரியா? அவசரப்பட வேண்டாம், மாணவர்களே. நம் நாட்டின் நிலத்தடி நீரில் பல இடங்களில் இயற்கையாகவே இரும்பு உண்டு. வட சிலாங்கூரின் கரிச்சேற்றுக் காடுகளில் ஊறும் நீரும் அமிலத்தன்மை கொண்டதுதான். கோல சிலாங்கூர் கடலோர மண்ணிலும் பைரைட் இருக்கிறது. பி.எச். அளவை மட்டும் பார்த்துச் சுரங்கத்தின் மேல் பழி போட முடியாது. சல்பேட்டையும் அளக்க வேண்டும்: பைரைட் உடைந்தால் அது கூடும், கரிச்சேற்று நீரில் பொதுவாகக் குறைவாக இருக்கும்.

முதல் முறை நானே சொதப்பினேன். ஒரு மினரல் வாட்டர் போத்தலில் நீரைப் பிடித்து, மறுநாள் விடுதியில் அளந்தேன். அதற்குள் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறியிருந்தது, இரும்போ துருவாகிப் போத்தலின் அடியில் படிந்துவிட்டது. விரிவுரையாளர் சிரித்துவிட்டு மறுபடியும் அனுப்பினார். இந்த முறை பி.எச்., மின்கடத்துதிறன் இரண்டையும் கிணற்றடியிலேயே அளந்தேன். இரும்புக்கான மாதிரியை வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தேன். தோண்டுவதற்கு முன் எடுத்த அளவு கையில் இல்லாதபோது ஒப்பிட வேறு கிணறு வேண்டும். குளங்களுக்கு மேற்சரிவில் ஒன்று கிடைத்தது. பாட்டியின் கிணறு கீழ்ச்சரிவில் இருக்கிறது.

இரண்டிலும் சல்பேட் குறைவு. இரண்டிலும் இரும்பு, குடிநீருக்கான வரம்பாகிய லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. மேட்டுக் கிணற்றிலும் அதே நிலை என்பதால் சுரங்கத்தின் மீதான என் சந்தேகம் தளர்ந்தது. ஆனால் இது வெயில் காலத்தில் எடுத்த ஒரே ஓர் அளவு. மழையில் நீர்மட்டம் ஏறும்போது கணக்கு மாறலாம். நவம்பரில் மீண்டும் போகிறேன்.

எல்லாவற்றையும் விளக்கியபின் பாட்டி கேட்டார்: "அப்போ தேத்தண்ணி போடலாமா, கூடாதா?"

கிருமிப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்த உலோகம் போகாது என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டாலும், இப்போது குழாயில் தண்ணீர் வரும்போதே இரண்டு தோம்பு பிடித்து மூடி வைக்கிறார். கிணற்று நீர் துணிக்கு மட்டும், நவம்பர் வரை.