உரப் போத்தல் வாங்குமுன் கேத்தலைப் பாருங்கள்

இடம்பெயர்ந்து செல்லும் கமக்காரர் தம் கைப்பழக்கத்தைக் கூடவே கொண்டு செல்கிறார். கிணற்றை மட்டும் கொண்டு செல்ல முடிவதில்லை. 1995 இன் இறுதியிலும் 1996 இலும் வலிகாமம், தென்மராட்சிப் பகுதிகளிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் இதை நன்கு அறிவர். சுண்ணக்கல் கிணற்று நீரில் மிளகாயும் தக்காளியும் வளர்த்த கைகள், புதிய இடத்தில் வேறு மண்ணோடும் வேறு நீரோடும் பழக வேண்டியிருந்தது. 1996 இலும் 2008 இலும் கிளிநொச்சி மக்களே ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது அதே பாடத்தை மீண்டும் படித்தார்கள்.

சொந்தக் காணி கைக்கு வராமல் உறவினர் வளவில் இருப்போரும், சிறு துண்டு நிலத்தில் மீளக்குடியமர்ந்தோரும் இன்று தும்புத்தூள் நிரப்பிய பைகளில் பயிர் செய்ய முன்வருகிறார்கள். இது நல்ல முயற்சி. பைகளை வேலியோரத்திலும் வைக்கலாம், தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டும் போகலாம். ஆனால் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. செடி செழித்திருக்கும், காயும் பிடித்திருக்கும். காயின் அடிப்பக்கம் மட்டும் கறுத்துத் தோல்போல அழுகியிருக்கும். நோய் என்று மருந்து தெளிப்பார்கள். அதன் பின் யாரோ சொன்னதைக் கேட்டு, கல்சியமும் மகனீசியமும் அடங்கிய விலைகூடிய போத்தல் ஒன்றை வாங்குவார்கள். காசு போய்விடும், காய் தொடர்ந்து அழுகும்.

தும்புத்தூள் செய்யும் வேலை

தும்புத்தூள் மண்ணைப் போன்றதன்று. தென்னையிலிருந்து வந்த பொற்றாசியமும், மட்டை ஊறிய நீரிலிருந்து வந்த சோடியமும் அதன் துகள்களில் ஒட்டியிருக்கின்றன. நாம் கல்சியம் ஊற்றினால் தூள் அதை முதலில் தானே பிடித்துக்கொண்டு, பதிலுக்குப் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் வெளிவிடுகிறது. பசளை ஊற்றியும் செடி பட்டினி கிடப்பது இதனாலேதான். வெறும் நீரில் பலமுறை கழுவினால் கரைந்துள்ள உப்புப் போகும். துகளில் ஒட்டியிருப்பது போகாது.

ஆகவே நடுவதற்கு முன்பே தூளைப் பதப்படுத்த வேண்டும். 5 கிலோக் கட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 30 லீற்றர் நீரில் 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றைக் கரைத்து ஊறவிடுங்கள். ஓர் இரவு கழிந்தபின் நல்ல நீரால் கழுவி வடியவிடுங்கள். வடிந்த நீரைக் கிணற்றருகே ஊற்ற வேண்டாம். நைத்திரேற்று குடிநீரில் கலப்பது குழந்தைகளுக்கு ஆபத்து.

முதலில் நீரை அறியுங்கள்

எந்தச் சத்தை வாங்குவது என்பதை உங்கள் நீரே தீர்மானிக்கிறது. தேநீர் வைக்கும் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள்.

வெள்ளைப் படை தடிப்பாகப் பிடித்திருந்தால், அதில் சிறிது தேசிக்காய்ப் புளி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு. உங்கள் கிணற்று நீரிலேயே கல்சியம் இருக்கிறது. அதற்கு மேலும் கல்சியம் வாங்குவது வீண்செலவாகலாம். உங்களுக்குத் தேவை பெரும்பாலும் மகனீசியம் மட்டுமே.

படை பிடிக்காவிட்டால் நீர் மென்மையானது. மழைநீரில் இந்த இரு சத்துகளும் இல்லையென்றே சொல்லலாம். இரணைமடு போன்ற குளங்களின் நீரும் பொதுவாகக் கிணற்று நீரைவிட மென்மையானது. இத்தகைய நீரைப் பாவிப்போருக்குக் கல்சியமும் மகனீசியமும் இரண்டும் வேண்டும்.

நீரில் உப்புச் சுவை தெரிந்தால் எந்தப் போத்தலும் உதவாது. பூநகரிக் கரையோரத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அத்தகைய இடங்களில் கூரையிலிருந்து விழும் மழைநீரைச் சேர்த்துப் பாவிப்பதே வழி.

எதை வாங்குவது?

கல்சியம் நைத்திரேற்று: இதில் ஏறத்தாழ 19 சதவீதம் கல்சியமும் 15.5 சதவீதம் நைதரசனும் உண்டு. நீரில் உடனே கரையும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இறுக மூடி வையுங்கள்.

எப்சம் உப்பு: இது மகனீசியம் சல்பேற்று. ஏறத்தாழ 10 சதவீதம் மகனீசியம் கொண்டது.

டொலமைட்டு: கல்சியம், மகனீசியம் இரண்டும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் மெதுவாகவே கரையும். அடிக்கட்டுப் பசளையாகச் சிறிதளவு கலக்கலாம். காய் அழுகத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. கடின நீர் பாவிப்போர் இதைத் தவிர்க்க வேண்டும்.

முட்டைக்கோது: நல்லதுதான், ஆனால் அரைத்துப் போட்டாலும் ஒரு போகத்துக்குள் பெரிதாகக் கரையாது.

அடுப்புச் சாம்பல்: தும்புத்தூள் பையில் போட வேண்டாம். 1990 முதல் பொருளாதாரத் தடையால் யூரியா வன்னிக்கு வராதிருந்த ஆண்டுகளிலும், 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் சாம்பல் எமக்குக் கைகொடுத்தது உண்மை. அது மண்ணில். தும்புத்தூளில் ஏற்கெனவே பொற்றாசியம் மிகுதி. சாம்பல் அதை மேலும் கூட்டி, கல்சியம் செடிக்குள் செல்வதைத் தடுக்கும். யூரியாவை மிகையாக இட்டாலும் இதே தீங்கு நேரும்.

போத்தலில் வரும் திரவம்: இது கெட்ட பொருளன்று. ஆனால் பெரும்பகுதி நீர். கல்சியம் 3 சதவீதம், மகனீசியம் 1 சதவீதம் என எழுதிய ஒரு லீற்றர்ப் போத்தலை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கல்சியம் ஏறத்தாழ 160 கிராம் கல்சியம் நைத்திரேற்றில் இருக்கிறது. அதிலுள்ள மகனீசியம் 100 கிராம் எப்சம் உப்பில் இருக்கிறது. இந்த இரண்டின் விலையைக் கடையில் கேட்டு, போத்தலின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில உறைகளில் கல்சியம் ஒட்சைட்டு, மகனீசியம் ஒட்சைட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். அப்போது எண் பெரிதாகத் தெரியும். கல்சியத்துக்கு அதை 0.71 ஆலும், மகனீசியத்துக்கு 0.6 ஆலும் பெருக்கினால் உண்மையான அளவு வரும்.

அல்பேட் கரைசல் போன்ற முழுப் பசளை பாவிப்போர், அதன் உறையில் இந்தச் சத்துகள் குறிக்கப்பட்டுள்ளனவா என முதலில் பார்க்க வேண்டும். இருப்பதை இரண்டாம் முறை வாங்க வேண்டியதில்லை.

அளவும் கலக்கும் முறையும்

மென்னீர் பாவிப்போர், தம் பசளையில் இச்சத்துகள் இல்லாதபோது, 10 லீற்றர் நீருக்குக் கல்சியம் நைத்திரேற்று 10 கிராமும் எப்சம் உப்பு 5 கிராமும் கலக்கலாம். நாற்றுகளுக்கு இதில் பாதி போதும். கடின நீருக்கு எப்சம் உப்பு மட்டும் போட்டுப் பாருங்கள்.

இரண்டையும் ஒரே சிறு பாத்திரத்தில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. வெண்ணிற மண்டி அடியில் படியும். அது செடிக்கு எட்டாமற்போன கல்சியம். ஒன்றை ஒரு வாளி நீரில் முழுதாகக் கரைத்தபின், வேறாகக் கரைத்த மற்றதை அதில் ஊற்றிக் கலக்குங்கள்.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

மகனீசியம் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். 10 லீற்றருக்கு 50 கிராம் எப்சம் உப்பை மாலையில் இலைமேல் தெளிக்கலாம்.

கல்சியம் குறைந்தால் இளங் குருத்தும் காயும் பாதிக்கப்படும். இதற்கு இலைமேல் தெளிப்பதால் பெரும்பயன் இல்லை. இலையில் சேர்ந்த கல்சியம் காய்க்குப் போகாது. வேர் உறிஞ்சும் நீரோடுதான் அது காய்க்குச் செல்லும். காலையில் நிறைய ஊற்றி, மதிய வெயிலில் பையை உலரவிட்டால் கல்சியம் இருந்தும் காய் அழுகும். சிறிது சிறிதாக நாளில் இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது மிக அவசியம். ஏற்கெனவே கறுத்த காய் திருந்தாது. அதைப் பறித்துவிட்டு அடுத்த பிஞ்சுகளைக் கவனியுங்கள்.

ஆகவே அன்பான கமக்காரர்களே, தூளைப் பதப்படுத்துங்கள், நீரூற்றும் முறையைச் சீராக்குங்கள், கேத்தலைப் பாருங்கள், பசளை உறையை வாசியுங்கள். இவ்வளவும் செய்தபின் குறை தெரிந்தால் மட்டும் காசை எடுங்கள். அப்போதும் எல்லாப் பைகளுக்கும் ஒரேயடியாக ஊற்றாமல், ஐந்து பைகளில் இரு வாரம் பரீட்சித்துப் பாருங்கள். பக்கத்து வளவுக்காரருக்குச் சரிவந்தது உங்களுக்குச் சரிவராது போகலாம். அவர் கிணறு வேறு, உங்கள் கிணறு வேறு.